பாம்பெர்க் பீர் கடையில் முதல் நாள்: புதிதாகப் போகிறவர்களுக்கு

ஜெர்மனிக்குப் போகிறேன், நல்ல பீர் எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டால் நான் மியூனிக் பெயரைச் சொல்வதில்லை. பவேரியா மாநிலத்தின் வடக்கே, ஃப்ராங்கோனியா பகுதியில், ரெக்னிட்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் பாம்பெர்க் ஊருக்குப் போய்வரச் சொல்வேன். முக்கால் லட்சம் பேர் போல வசிக்கும் சிறிய ஊர். பழைய நகரம் 1993 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. நடந்தே சுற்றிவிடக்கூடிய இந்த ஊருக்குள் பத்தை ஒட்டிய எண்ணிக்கையில் பீர் காய்ச்சும் கடைகள் இருக்கின்றன. பின்கட்டிலோ பக்கத்துக் குன்றிலோ காய்ச்சி, முன்கட்டில் ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

ப்ரூபப், அதாவது தானே பீர் காய்ச்சி விற்கும் மதுக்கூடம் என்றதும் நம்மில் பலருக்கு பெங்களூர்தான் நினைவுக்கு வரும். கண்ணாடிச் சுவர், பளபளக்கும் ஸ்டீல் தொட்டிகள், காதை அடைக்கும் பாட்டு, வாசலில் வரவேற்க ஒரு ஆள். அந்தப் படத்தோடு பாம்பெர்க் கடைக்குள் நுழைந்தால் குழப்பம்தான் மிஞ்சும். இந்தக் கடைகள் நம் ஊர் டீக்கடை பெஞ்சுக்குத்தான் நெருக்கம். காலை பதினோரு மணிக்கு ஒரு பெரியவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பாட்டி சூப் குடித்துக்கொண்டிருப்பார். பாட்டு இருக்காது. அது முதலில் அந்தத் தெருக்காரர்களின் இடம். நாம் விருந்தாளி. அவர்களுடைய சில பழக்கங்களைத் தெரிந்துகொண்டு போனால் அந்த இடம் நம்மையும் சேர்த்துக்கொள்ளும். அவற்றைத்தான் போகும் வரிசையில் எழுதியிருக்கிறேன்.

நாளும் நேரமும்

போவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: 'ரூஹெடாக்'. வாரவிடுமுறை நாள் என்று பொருள். பல கடைகளுக்கு வாரத்தில் ஒருநாள் கதவு திறக்காது, அந்த நாள் கடைக்குக் கடை மாறும். சில கடைகள் சனி அல்லது ஞாயிறு மதியத்தோடு மூடிவிடும். எனவே போக நினைக்கும் கடையின் நேரத்தை அதன் சொந்த இணையதளத்தில் அந்த வாரமே பாருங்கள். அடுப்பங்கரைக்குத் தனி நேரம் உண்டு. மதியச் சாப்பாடு முடிந்து மாலை வரை சூடான உணவு கிடைக்காமல் போகலாம், அப்போதும் பீர் கிடைக்கும்.

என் யோசனை, வாரநாளில் முற்பகல் பதினொன்றரைக்குப் போங்கள். வெள்ளி, சனி மாலைகளில் சுற்றுலாக் கூட்டம் தெருவரை வழியும், கடைக்காரர்களுக்கு நம்மோடு ஒரு வார்த்தை பேசவும் நேரமிருக்காது. ஆகஸ்ட் இறுதியில் நடக்கும் 'ஸாண்ட்கேர்வா' திருவிழா நாட்களில் பழைய நகரத்தில் நடக்கவே இடமிருக்காது. திருவிழாவைப் பார்க்கவே வருகிறவர்களுக்குச் சரி, முதல்முறை கடையை அறிந்துகொள்ள வருகிறவர்களுக்கு அது நேரமில்லை.

போய்ச் சேருவது

நியூரெம்பெர்க் மத்திய ரயில் நிலையத்திலிருந்து சாதாரண ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாம்பெர்க். குடும்பமாகப் போனால் 'பயர்ன் டிக்கெட்' என்ற ஒருநாள் சீட்டு கட்டுப்படியாகும். பவேரியாவுக்குள் எல்லா உள்ளூர் ரயில்களிலும் ஏறலாம். வாரநாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் அது செல்லும். அதிவேக ஐசிஇ ரயிலில் அந்தச் சீட்டோடு ஏறிவிடாதீர்கள்.

வாடகைக் கார் எடுக்கவே வேண்டாம். ஜெர்மனியில் வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் ஆல்கஹால் 0.5 புரோமில்லுக்கு, அதாவது ஆயிரத்தில் அரைப் பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கும் சுழியம். சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் வரம்பு உண்டு. ரயிலில் வந்து காலால் நடப்பதற்கென்றே அமைந்த ஊர் இது.

எந்தக் கடையில் தொடங்குவது

நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஓபெர கோனிக்ஷ்ட்ராஸ என்ற தெரு வரும். அங்கே எதிரும் புதிருமாக இரண்டு கடைகள். ஒன்று 'ஷ்பெட்சியால்', 1536-இல் தொடங்கியது. மற்றது 'ஃபெஸ்லா', 1649-இல் தொடங்கியது. குட்டிப் பீப்பாய் என்று பொருள், பீப்பாயை உருட்டும் குள்ளன்தான் அதன் சின்னம். ஆற்றைத் தாண்டி, பேராலயக் குன்றின் அடியில், டொமினிக்கானர் தெருவில் இருக்கிறது 'ஷ்லெங்கர்லா'. 1405-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அந்த இடத்தின் பெயர் வருகிறது. ஊருக்கு உலகப் புகழ் தேடித்தந்தது இந்தக் கடைதான். வூண்டெர்பூர்க் என்ற குடியிருப்புப் பகுதியில் 'மார்ஸ் ப்ரொய்', அதற்கு எதிரே 'கேஸ்மன்'. சுற்றுலாப் பயணிகள் குறைவாகவும் ஊர்க்காரர்கள் அதிகமாகவும் இருக்கும் பக்கம் அது.

எல்லாரும் நேராக ஷ்லெங்கர்லாவுக்குத்தான் ஓடுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முதலில் ஷ்பெட்சியால், பிறகு நடந்துபோய் ஷ்லெங்கர்லா. ஏன் இந்த வரிசை என்பதைப் புகையைப் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன். ஒரு நாளுக்கு இரண்டு கடை போதும். ஐந்து கடைகளைத் தொட்டுவிட்டு வந்தவர்களிடம் பேசியிருக்கிறேன். அவர்களுக்கு ஐந்தில் எது எது என்றே நினைவில்லை.

வாசலில் தொங்கும் இரும்புப் பலகைகள் சிலவற்றில் ஆறுமுனை நட்சத்திரம் இருக்கும். யூதர்களின் தாவீது நட்சத்திரத்தைப் போலவே தோன்றினாலும், இந்தப் பகுதியில் அது பீர் காய்ச்சுவோரின் பழைய அடையாளம்.

உள்ளே நுழைந்ததும்

கனமான மரக்கதவைத் தள்ளினால் நேராக ஒரு நடை வரும். நம் பழைய வீடுகளின் ரேழி மாதிரி. அதற்கு 'ஷ்வெம்ம' என்று பெயர். சுவரில் ஒரு சின்னச் சாளரம் இருக்கும். ஊர்க்காரர்கள் வேலைக்கு நடுவே வந்து, அந்தச் சாளரத்தில் பீர் வாங்கி, அங்கேயே நின்றபடி குடித்துப் பேசிவிட்டுப் போவார்கள். உட்கார்ந்து சாப்பிட வேண்டுமானால் பக்கத்துக் கதவைத் திறந்து கூடத்துக்குள் போக வேண்டும். தனியாகப் போகிறவர்களுக்கு நான் ரேழியையே சொல்வேன். அங்கே நிற்பவர்களோடு பேச்சு தானாகத் தொடங்கும்.

நுழைந்ததும் 'க்ரூஸ் கோட்' என்று சொல்லுங்கள். வட ஜெர்மனியின் 'கூட்டன் டாக்' இங்கேயும் புரியும், ஆனால் 'க்ரூஸ் கோட்' என்றால் முகம் மலரும். ஃப்ராங்கோனியர்கள் முதல் பார்வைக்குக் கடுகடுப்பானவர்களாகத் தெரிவார்கள். பரிமாறுபவர் சிரிக்காமல் வந்து நிற்பார். அது கோபமில்லை, அவர்கள் சுபாவம். 'பாஸ்ட் ஷோ' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், 'சரியாத்தான் இருக்கு' என்கிற மாதிரி. அவர்கள் வாயிலிருந்து வரும் உச்சபட்சப் பாராட்டே அதுதான். பீர் எப்படி என்று கேட்டால் நீங்களும் அதைச் சொல்லிப் பாருங்கள்.

எங்கே உட்காருவது

உங்களை அழைத்துப்போய் உட்காரவைக்க யாரும் வர மாட்டார்கள், நீங்களே இடம் பார்க்க வேண்டும். மேசைகள் நீளமானவை, ஒரே மேசையில் முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து உட்காருவது வழக்கம். காலியான ஓரத்தைக் கண்டால், அங்கே ஏற்கெனவே இருப்பவர்களிடம் 'இஸ்ட் ஹியர் நோக் ஃப்ரை?' என்று கேளுங்கள். இங்கே இடம் இருக்கிறதா என்று அர்த்தம். தலையசைத்ததும் உட்காரலாம். எழுந்து போகும்போது அவர்களிடம் ஒரு வார்த்தை விடைபெற்றுச் செல்வது மரியாதை. 'அடே' என்று நீட்டிச் சொல்வார்கள். நம் காதுக்கு யாரையோ அதட்டுவது போலிருக்கும், ஆனால் விடைபெறும் சொல்தான்.

மேசையில் 'ரிசர்வியர்ட்' என்ற அட்டையில் நேரம் எழுதியிருந்தால், அந்த நேரத்துக்கு முன்பு எழுந்துவிடுவதாகச் சொல்லி உட்காரலாமா என்று கேட்கலாம். ஆனால் 'ஷ்டம்டிஷ்' என்று எழுதிய மேசையில் ஒருபோதும் உட்காராதீர்கள். வாடிக்கையாளர்கள் ஆண்டுக்கணக்கில் வாராவாரம் கூடும் மேசை அது. சிலவற்றில் அப்பா உட்கார்ந்த நாற்காலியில் இப்போது மகன் உட்காருகிறார். முதல் பயணத்தில் ஒரு கடையில் அந்தப் பலகையைக் கவனிக்காமல் உட்கார்ந்துவிட்டேன். பரிமாறுபவர் குரலை உயர்த்தி எழுப்பியபோது கூடமே திரும்பிப் பார்த்தது, மனசு சுருங்கிப்போனது. ஓரத்தில் இருந்த ஒரு பெரியவர் தன் மேசையைத் தட்டி, இங்கே வா என்று கையசைத்தார். அந்த மாலை முழுக்க அவரோடுதான் கழிந்தது. பிறகு வந்தவர்களெல்லாம் நாற்காலியில் அமருமுன் விரல்முட்டியால் மேசையை இரண்டு தட்டு தட்டினார்கள். தனித்தனியாகக் கைகுலுக்குவதற்குப் பதில் மொத்தப் பேருக்கும் சேர்த்து வணக்கம் சொல்லும் முறை அது என்று அவர்தான் விளக்கினார்.

புகைபிடிப்பவர்கள் வெளியே போக வேண்டும். 2010-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, பவேரியாவின் உணவகங்கள், மதுக்கூடங்கள் அனைத்திலும் புகைக்குத் தடை போட்டுவிட்டார்கள். குழந்தைகளோடு போகலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கேட்டு வாங்குவது

நீண்ட பட்டியலைத் தேடாதீர்கள். இந்தக் கடைகளில் இரண்டு, மூன்று வகை பீர்தான் இருக்கும், எல்லாம் அவர்களே காய்ச்சியது. வேறு கம்பெனி பீர் கேட்பது, இட்லிக் கடையில் பக்கத்துக் கடை இட்லியைக் கேட்பது போல.

அளவுக்குப் பெயர் 'சைட்லா', அரை லிட்டர். ஃப்ராங்கோனிய வழக்கில் எதையும் செல்லமாகச் சொல்ல 'லா' சேர்ப்பார்கள். ஃபெஸ்லா, ஷ்லெங்கர்லா, சைட்லா எல்லாமே அப்படித்தான். 'ஐன் சைட்லா, பிட்டெ' என்றால் போதும், அந்தக் கடையின் வழக்கமான பீர் வந்துவிடும். மார்ஸ் ப்ரொய்யில் இன்னும் சுருக்கம்: 'அ ஊ'. 'உன்கெஷ்புண்டெட்' என்ற பீரின் முதலெழுத்து அது. பீப்பாயின் அடைப்பானை இறுக்காமல், வாயு வெளியேற விட்டு முதிரவைத்த பீர் என்று அர்த்தம். நுரைப்பும் சுர்ரென்ற உறைப்பும் குறைவாக, தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். வடிகட்டாததால் லேசாகக் கலங்கியிருக்கும். நம்மூர் பாட்டில் பீரின் வாயு வயிற்றை உப்பவைக்கிறது என்று சொல்பவர்கள் இதைக் குடித்துப் பார்க்க வேண்டும்.

குளிர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. பீர் பாதாள அறையின் குளிரில்தான் வரும், நம் ஊர் வழக்கம்போல் பல் கூசும் அளவுக்கு இருக்காது. ஐஸ் கேட்காதீர்கள். குளிர் மிகுந்தால் நாக்கு மரத்துப்போய் மால்ட்டின், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியின் ருசி தெரியாது.

கிளாஸ் வந்ததும் ஒரே மேசையில் இருப்பவர்களோடு 'ப்ரோஸ்ட்' சொல்லி, கண்ணைப் பார்த்து, கிளாஸை இடியுங்கள். எல்லாருக்கும் வரும்வரை முதல் வாய் குடிக்காமல் காத்திருப்பது பழக்கம்.

முழு சைட்லா அதிகம், ஆனால் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றும்போது 'ஷ்னிட்' என்று கேளுங்கள். அதே கிளாஸில் வேகமாக ஊற்றி, நுரை அடங்கினால் பாதியளவு நிற்கும்படி தருவார்கள். எழுந்து போகுமுன் கடைசியாக வாங்குவது அது. வந்தவுடனே ஷ்னிட் கேட்டால் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

குடிக்காதவர்கள் தயங்காமல் கூட வரலாம். என் மனைவியின் தம்பி தூத்துக்குடிக்காரர், பீரைத் தொடமாட்டார். எங்களோடு மூன்று கடைகளுக்கு வந்தார். ஆப்பிள் சாற்றில் சோடா கலந்த 'ஆப்ஃபெல்ஷோர்ல' அவருக்குப் பிடித்துப்போயிற்று. யாரும் ஏன் குடிக்கவில்லை என்று கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமானால் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும், சும்மா 'வாசர்' என்றால் சோடாவைக் கொண்டுவந்து வைப்பார்கள். 'ஷ்டில்லெஸ் வாசர்' என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

புகை

இதற்காகத்தான் பாம்பெர்க். 'ரவுக்பியர்' என்றால் புகை பீர்.

பீருக்கு பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, பிறகு காயவைக்க வேண்டும். வெயில் போதாத நாடுகளில் முளைகட்டிய பார்லியை நெருப்பின்மேல் காயவைத்தார்கள். விறகுப்புகை தானியத்தில் ஏறியது, தானியத்திலிருந்து பீரில் இறங்கியது. ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பாலான பீர்களில் புகைவாசம் இருந்திருக்க வேண்டும். நெருப்பு தனியாகவும் சூடான காற்று தனியாகவும் போகும் உலைகள் வந்தபின், புகையில்லாத மால்ட் மலிவாகக் கிடைத்தது. ஊர் ஊராகப் பழைய முறை மறைந்தது. பாம்பெர்க்கில் ஷ்லெங்கர்லாவும் ஷ்பெட்சியாலும் மட்டும் அதை விடவில்லை. இன்றும் அவர்களே பீச் (beech, பழம் தரும் பீச் இல்லை) மரக்கட்டைகளை எரித்து, தங்கள் மால்ட்டைத் தாங்களே புகையில் காயவைக்கிறார்கள். மரத்தைக் காயப்போட்டுப் பதப்படுத்துவது, நெருப்பை இரவு பகலாகக் கவனிப்பது எல்லாம் காசு பார்க்கிறவன் செய்யும் வேலையில்லை. ஒரு ருசி உலகத்தைவிட்டுப் போகாமல் இரண்டு வீட்டார் தலைமுறை தலைமுறையாகக் காவல் இருந்திருக்கிறார்கள். எனக்கு இந்த ஊர்மேல் இவ்வளவு பிரியம் வரக் காரணமும் அதுதான்.

இப்போது வரிசையைப் பற்றி. ஷ்பெட்சியாலின் புகை மென்மையானது, மால்ட்டின் இனிப்புக்குப் பின்னால் நிற்கும். ஷ்லெங்கர்லாவின் 'மெர்ட்சென்' என்ற புகை பீர் அப்படியில்லை. 5.1 சதவீத ஆல்கஹால், கறுப்புக்கு நெருங்கிய நிறம், கிளாஸை மூக்கருகே கொண்டுபோகும்போதே புகை முகத்தில் அடிக்கும். ஐரோப்பியர்கள் அதைப் புகையிட்ட பன்றி இறைச்சியோடு ஒப்பிடுவார்கள். மைத்துனர் என் கிளாஸை முகர்ந்துவிட்டு, "அத்தான், இது நம்ம ஊரு மாசிக்கருவாடு வாசனைல்ல?" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மாசியும் அவித்துப் புகையில் காயவைக்கும் மீன்தானே. கருவாடு பழகாதவர்கள் விறகடுப்பில் சுட்ட கத்தரிக்காயை நினைத்துக்கொள்ளலாம்.

முதல் வாயில் பிடிக்காவிட்டால் தள்ளி வைத்துவிடாதீர்கள். மூன்றாவது சைட்லாவில்தான் பிடிபடும் என்று அங்கே சொல்வார்கள். மூன்று வரை போக வேண்டிய அவசியமில்லை, ஒன்றையே நிதானமாக அரைமணி நேரம் குடியுங்கள். மூக்கு புகைக்குப் பழகி அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அப்போதுதான் அடியில் இருக்கும் ரொட்டித்தோல் ருசியும், கடைசியில் நாக்கை உலர்த்தும் கசப்பும் மேலே வரும். கால்வாசி கிளாஸுக்குப் பிறகு நிச்சயமாக வேறு பீராக இருக்கும். அப்படியும் ஒத்துவரவில்லையா, அதே கடையில் 'ஹெல்லெஸ்' என்ற வெளிர்நிற பீரைக் கேளுங்கள். அதில் புகை மால்ட் சேர்ப்பதில்லை. ஆனாலும் அதே அண்டாக்களில் காய்ச்சுவதால் ஒரு சாயல் ஒட்டிக்கொண்டு வரும்.

ஷ்லெங்கர்லாவில் பீர் ஊற்றும் இடத்தைப் பார்க்கத் தவறாதீர்கள். மரப்பீப்பாயில் பித்தளைக் குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். பம்பு கிடையாது, வாயு அழுத்தம் கிடையாது, பீர் தன் கனத்தால் தானே இறங்குகிறது. பாட்டிலில் வாங்கிக் குடிப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் ஒரு வாயிலேயே தெரியும். இத்தனை தூரம் ரயிலேறி வருவதற்கு அந்தப் பீப்பாய்தான் காரணம்.

அக்டோபருக்குப் பின் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குளிர்காலத்தில் 'போக்' என்ற வீரியம் கூடிய வகை பீர்கள் வரும். ஷ்லெங்கர்லாவின் 'ஊர்போக்' 6.5 சதவீதம். கிறிஸ்துமஸ் சமயத்தில், பீச்சுக்குப் பதில் ஓக் மரப்புகையில் செய்வது 8 சதவீதம். ஃபெஸ்லாவின் 'பாம்பெர்கேட்டர்' அதையும் மிஞ்சும். இனிப்பாக இறங்கும், எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். இவற்றில் ஒன்றோடு நிறுத்துங்கள், அதுவும் சாப்பாட்டோடு.

சாப்பாடு

வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம். ஃப்ராங்கோனியச் சமையல் பெரும்பாலும் பன்றி இறைச்சி. பெயர் பெற்றது 'ஷொய்ஃபலா': பன்றியின் தோள்பட்டைக் கறியை எலும்போடு, மேல்தோல் மொறுமொறுக்கும்வரை அடுப்பில் வாட்டி, உருளைக்கிழங்கு உருண்டையும் குழம்புமாகத் தருவார்கள். 'பாம்பெர்கர் ஸ்விபெல்' என்பது பெரிய வெங்காயத்தைக் குடைந்து கொத்துக்கறி அடைத்து வேகவைத்தது, பீர் சேர்த்த குழம்போடு வரும். ஊருக்குள்ளேயே இன்றும் காய்கறித் தோட்டங்கள் இருக்கின்றன, வெங்காயம் பயிரிட்ட தோட்டக்காரர்களால் பெயரெடுத்த ஊர் இது. 'ஸ்வெட்ஷ்கென்பாமெஸ்' என்பது புகையில் உலர்த்திய மாட்டிறைச்சிச் சீவல். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், குளிர்ந்த உணவுத் தட்டுகளில் இது கலந்து வரலாம்.

சைவர்களுக்கு வழி குறுகல்தான், ஆனால் உண்டு. 'கெருப்ஃப்டர்' என்று கேளுங்கள். பாலாடைக்கட்டி, வெண்ணெய், மிளகாய்த்தூள், வெங்காயம் போட்டுப் பிசைந்தது, ரொட்டியில் தடவிச் சாப்பிட வேண்டும். பீருக்கு அதைவிடப் பொருத்தமான துணை இல்லை என்பேன். 'கேஸெஷ்பெட்ஸ்லெ' என்ற பாலாடைக்கட்டி நூடுல்ஸும் சில கடைகளில் கிடைக்கும். என் மனைவிக்குச் சனிக்கிழமை விரதம். ஒரு கடையில் உருளைக்கிழங்கு சூப் சைவம்தான் என்றார்கள், பாதி குடித்தபிறகு அடியில் பன்றிக்கறித் துணுக்கு. இறைச்சித் துண்டு கண்ணுக்குத் தெரியாவிட்டால் சைவம் என்று நினைப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். அதனால் 'வெகெட்டாரிஷ்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், 'ஓன ஷ்பெக், ஓன ஃப்ளைஷ்ப்ரூஹெ' என்று சேர்த்துச் சொல்லுங்கள். பன்றிக்கொழுப்பு வேண்டாம், கறிச்சாறு வேண்டாம் என்று பொருள். சவர்க்ரவுட் என்ற புளிக்கவைத்த முட்டைக்கோஸிலும் பன்றிக்கொழுப்பு இருக்கக்கூடும்.

காசு கொடுப்பது

ஒவ்வொரு பீர் வரும்போதும் கிளாஸின் அடியில் வைத்த அட்டையில் பரிமாறுபவர் பென்சிலால் ஒரு கோடு இழுக்கலாம். அதுதான் உங்கள் பில். கிறுக்கக்கூடாது, கிழிக்கக்கூடாது, நினைவுக்கு எடுத்துப்போக வேண்டுமானால் காசு கொடுத்தபின் வேறு அட்டை கேளுங்கள்.

'ஸாலென், பிட்டெ' என்றால் வருவார். 'கெட்ரென்ட்?' என்று கேட்பார், தனித்தனியாகவா என்று. 'ஸுசம்மென்' என்றால் எல்லாம் சேர்த்து. ரொக்கம் வைத்திருங்கள், எல்லாக் கடையிலும் கார்டு எடுக்க மாட்டார்கள். அரை லிட்டர் பீர் பெரும்பாலும் 5 யூரோவுக்குக் குறைவு, பெருநகரங்களை நினைத்தால் மலிவு. இனாமை மேசையில் விட்டுப் போகும் வழக்கமில்லை. 17 யூரோ 80 சென்ட் ஆனால் 20 யூரோ தாளை நீட்டி 'நொய்ன்செஹ்ன்' என்று, அதாவது பத்தொன்பது என்று சொல்லுங்கள். மீதி ஒரு யூரோ திரும்பி வரும். மீதியே வேண்டாம் என்றால் 'ஷ்டிம்ட் ஸோ'.

கோடை என்றால் குன்றுக்கு

மே முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் இரண்டாவது கடையை விட்டுவிட்டு ஒரு 'கெல்லர்' போகலாம். கெல்லர் என்றால் நிலவறை. ஆனால் பாம்பெர்க்காரர்கள் நிலவறைக்குள் இறங்குவதாகச் சொல்வதில்லை, 'கெல்லர் மேலே போகிறோம்' என்பார்கள். குளிர்பதனம் இல்லாத காலத்தில் குன்றுகளைக் குடைந்து பீரை முதிரவைத்தார்கள். வெயில் இறங்காமலிருக்க மேலே நிழல்மரங்களை நட்டார்கள். அந்த மரநிழலில் பெஞ்சு போட்டதுதான் பீர் தோட்டம். ஷ்டெஃபான்ஸ்பெர்க் குன்றில் ஏறினால் 'ஷ்பெட்சியால் கெல்லர்'. அங்கிருந்து ஊரின் கூரைகளும் பேராலயத்தின் நான்கு கோபுரங்களும் மாலை வெளிச்சத்தில் தெரியும். நீங்களே போய் வரிசையில் நின்று வாங்கும் இடங்களில் கிளாஸுக்கு முன்பணம் பிடிக்கலாம், திருப்பிக் கொடுத்தால் காசு வந்துவிடும். பல கெல்லர்களில் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவந்து சாப்பிட அனுமதி உண்டு. இது பவேரியத் தோட்டங்களின் பழைய உரிமை. பீரை மட்டும் அங்கேதான் வாங்க வேண்டும். எந்தக் கெல்லரில் அனுமதி என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு கெல்லரில் அப்படிக் கேட்டுவிட்டு, சப்பாத்தியும் உருளைக்கிழங்கு மசாலாவும் பிரித்தோம். பக்கத்து மேசைக் குடும்பம் முள்ளங்கியை உப்பில் தோய்த்து எங்களுக்கு நீட்டியது.

மற்ற ஊர்களில்

இதே பழக்கங்களை ஜெர்மனி முழுக்க எதிர்பார்க்காதீர்கள். கொலோனில் பீர் 0.2 லிட்டர் மெல்லிய கிளாஸில் வரும். கிளாஸ் காலியாகக் காலியாக, கேட்காமலே அடுத்ததை வைத்துக்கொண்டே போவார்கள். போதும் என்றால் அட்டையைக் கிளாஸின் வாய்மேல் வைத்து மூட வேண்டும். தெரியாமல் போனால் கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும். டுஸெல்டோர்ஃபில் 'ஆல்ட்' என்ற அந்த ஊர் பீர் கிடைக்கும் பழைய கடைகளிலும் ஏறக்குறைய அப்படித்தான். கொலோனில் உட்கார்ந்து டுஸெல்டோர்ஃப் பீரைக் கேட்காதீர்கள், இரண்டு ஊருக்கும் அதில் பகை உண்டு.

கொண்டுவருவது

ஷ்லெங்கர்லாவின் பாட்டில்களைக் கடையிலேயே வாங்கலாம். கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில்தான் போக வேண்டும். ஒவ்வொரு பாட்டிலையும் தடித்த காலுறைக்குள் நுழைத்து, துணிகளுக்கு நடுவில், பெட்டியின் ஓரம் தொடாமல் வையுங்கள். பாலித்தீன் பை ஒன்றைச் சுற்றிக்கட்டினால் உடைந்தாலும் மற்றவை தப்பும். இந்தியாவுக்குள் ஒருவர் 2 லிட்டர் வரை மதுவைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம், அதாவது அரை லிட்டர் பாட்டில் நான்கு. வீட்டுக்கு வந்ததும் இரண்டு நாள் நிற்கவைத்து, அடிவண்டல் இருந்தால் அது இறங்கியபின், குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுத் திறவுங்கள்.